சோத்தாங்கை பிரேக்

என் உயிருக்கு உயிரான காக்காவுக்கு,

உங்கள் மீது ஸலாம் உண்டாகட்டும். உங்கள் கடைசித் தம்பி அன்வர், முகவாயில் நான்கு தையலோடு இதை எழுதுகிறேன். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். உங்களிடம் மட்டும் என் பொய் என்றைக்கு எடுபட்டிருக்கிறது?

உங்களுக்காக மதினி இருந்த இத்தா முடிந்து ஒரு வாரம் ஆகிறது. நான்கு மாதமும் பத்து நாளும் வாசல்படி தாண்டாமல் இருந்தவர், முடிந்ததும் முதல் வேலையாக முன்னறையில் கிடந்த இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகளைப் பிரிக்கச் சொன்னார். மஸ்கட்டிலிருந்து நீங்கள் கப்பல் கார்கோவில் போட்ட பெட்டிகள். நீங்கள் மௌத்தாகி, அங்கேயே அடக்கமாகி, இருபது நாள் கழித்துத்தான் மேலப்பாளையம் வந்து இறங்கின. மேலே உங்கள் கையெழுத்து. அதைப் பார்த்த பிறகு பெட்டியில் கை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

கடைசியாகப் பேசியபோது என்ன சொன்னீர்கள்? "ரெண்டு சைக்கிள் வருதுலே. ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. எது யாருக்குன்னு நான் வந்து சொல்லுதேன். அதுக்குள்ள தொட்டுத் தொலச்சிராத." வந்து சொல்லவே இல்லையே காக்கா.

மதினி எனக்குக் கெடு வைத்துவிட்டார். "தம்பி, வெள்ளிக்கிழம ரிஸ்வானா லீவுக்கு வாறா. அதுக்குள்ள உங்களுக்கு எது வேணுமோ எடுத்துக்கிடுங்க. மத்தது பிள்ளைக்கு. அவ வாப்பா ஓட்டுனத அவளும் ஓட்டணும்ங்கா."

பாளையங்கோட்டை சைக்கிள் கடை அண்ணாச்சி வீட்டுக்கே வந்து இரண்டையும் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டித் தந்தார். ஒன்று சிவப்பு. ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். விரல் தடிமனில் டயர், குனிந்தால்தான் எட்டுகிற கைப்பிடி. மற்றது கறுப்பு. பெயிண்ட் அங்கங்கே கீறியிருந்தது, டயர் கொஞ்சம் அகலம், கைப்பிடி உயரம். ஆனால் அந்தக் கைப்பிடியில் சுற்றிய பட்டை மட்டும் புத்தம் புதிது.

"ரெண்டும் சோடை போவாது வே. இது ஓடும், அது தாங்கும்" என்றார் அண்ணாச்சி. இப்படிச் சொன்னால் நாற்பத்தொரு வயதில், தொப்பையோடு, புதிதாக ஏறுகிறவன் எதைத்தான் எடுப்பது?

எனக்கு வேண்டியது எது என்பது இல்லை என் கவலை. நீங்கள் எனக்கென்று நினைத்தது எது? அதை மாற்றி எடுத்துவிட்டால், நீங்கள் கடைசியாக எனக்குத் தந்ததை நானே வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகாதா? இரண்டு நாள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு எனக்கு நானே கணக்குப் போட்டேன். ஒவ்வொரு லீவுக்கும் நீங்கள் பெட்டி திறந்தால் புதுச்சட்டை எனக்கு, நீங்கள் போட்டுக் கழித்தது உங்களுக்கே. கைக்கடிகாரமும் அப்படித்தான். அப்படியென்றால் புதிதாக இருக்கிற சிவப்புதான் எனக்கு. அதில் என்ன சந்தேகம்?

புதன்கிழமை சும்மா ஒரு பேச்சுக்குக் கறுப்பை ஓட்டிப் பார்த்தேன். முதுகு வலிக்கவில்லை, பள்ளத்தில் ஏறி இறங்கியும் ஆட்டம் இல்லை. ஆனாலும் கிழவர்கள் ஓட்டுகிற சைக்கிள் என்று ஒதுக்கிவிட்டேன். என் திமிர் உங்களுக்குத் தெரியாததா?

வியாழன் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுச் சிவப்பை எடுத்தேன். முன்னீர்பள்ளம் வரைக்கும் பறந்தேன் காக்கா. திரும்பும்போது வாய்க்கால் பாலத்துச் சரிவில், வயல் வரப்பிலிருந்து ஒரு டிராக்டர் சட்டென்று ரோட்டில் ஏறியது. ஸ்கூட்டரில் பழகிய கை, இடது பிடியை மட்டும் இறுக்கியது. அடுத்து எனக்குத் தெரிந்தது சைக்கிளுக்கு முன்னால் நான் கிடந்ததுதான்.

டிராக்டர்காரர் தூக்கி உட்கார வைத்தார். "இந்த வயசுல இது தேவையா அண்ணாச்சி?" என்று கேட்டார். நானும் அதையேதான் நினைத்தேன். எனக்கு ஓட்டத் தெரியவில்லை, இது எனக்கு லாயக்கில்லை. தையல் போட்டுக்கொண்டு, சைக்கிளில் ஒட்டிய சேற்றைத் துடைத்து மதினி வீட்டில் விட்டேன். "சிவப்பு ரிஸ்வானாவுக்கு இருக்கட்டும்" என்று பெரிய மனுஷன் போலச் சொல்லிவிட்டு வந்தேன். சைக்கிளிலிருந்து விழுந்ததை மட்டும் சொல்லவில்லை, குளியலறையில் வழுக்கியது என்றேன். வெட்கம்.

வெள்ளிக்கிழமை காலையில் கறுப்புக்கு சீட்டை ஏற்றிவைக்க அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர் என் முகவாயைப் பார்த்துவிட்டு விடவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"எந்தக் கையப் பிடிச்சீரு?"

"இடது கைதான். மெதுவா நிக்கணும்னா பின்பிரேக்தான பிடிக்கணும்?"

அவர் கறுப்பின் சக்கரங்களைச் சுற்றிவிட்டு இடது பிடியை அழுத்தினார். பின்சக்கரம் நின்றது. புதுப் பட்டையின் நுனியைப் பைய விலக்கி ஒயரைத் தடவிப் பார்த்தார். "இது மாத்திப் பூட்டுனது வே. அரபு நாட்டுச் சைக்கிள்ல இடது கைதான் முன்பிரேக்கு. அங்க வண்டி வலப்பக்கமா போகுதுல்லா. இத மட்டும் உங்க அண்ணன் நம்மூருக்குத் தக்கன மாத்தி, புதுசாச் சுத்தி அனுப்பியிருக்காரு. அந்தச் சிவப்பு மாத்தாதது. அதுல சோத்தாங்கை, வலது கைதான் பின்பிரேக்கு. பூட்டுற அன்னைக்கு நானும் பாக்காம விட்டுட்டேன்."

காக்கா, எனக்கு முதலில் உங்கள் ஞாபகம் வரவில்லை. உங்கள் மகள் ஞாபகம்தான் வந்தது.

மதினிக்குப் போன் போட்டேன். "இப்பத்தான் சைக்கிள எடுத்துக்கிட்டுக் கெளம்புனா. ஆத்துப்பாலம் வரைக்கும் போயிட்டு வாரேன்னா. ஏன் தம்பி?" போனை வைத்துவிட்டு ரிஸ்வானாவுக்கு அடித்தேன். ரிஸ்வானாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

கறுப்பை எடுத்து மிதித்தேன். பஸ்ஸும் ஆட்டோவும் இருபக்கமும் உரச, உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே மிதித்தேன். ஆத்துப்பாலம் முடியும் கொக்கிரகுளத்தில் பார்த்தேன். பாலத்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள், நல்ல வேகம். அவளுக்கு முன்னால் ஒரு மினிபஸ் ஆள் ஏற்ற ஒதுங்கிக்கொண்டிருந்தது.

கத்த வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். கத்தினால் பதறி பிரேக்கைப் பிடிப்பாள். எந்தக் கையால் பிடிப்பாள்?

வளைத்துத் திருப்பி அவள் பக்கமாகச் சேர்ந்து போனேன். "ரிஸ்வானா, சாச்சாதான். சோத்தாங்கையால பைய பிடிம்மா. சோத்தாங்கை மட்டும். பைய." என் குரலா அது என்று எனக்கே தெரியவில்லை. சிவப்புச் சைக்கிள் மினிபஸ்ஸுக்கு ஒரு முழம் பின்னால் நின்றது.

"முன்னாலயே ஒருக்க பின்சக்கரம் தூக்கிச்சு சாச்சா. எனக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு நெனச்சேன்" என்றாள். நான் பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆறு கீழே நிறைய ஓடியது. நான் வியாழக்கிழமையே உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் அதில் ஏறியே இருக்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மதினியிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

மறுநாள் அண்ணாச்சி வந்தார். சிவப்பின் பிரேக்கை மாற்ற வேண்டுமென்றால் கைப்பிடிப் பட்டையைப் பிரித்தாக வேண்டும், பிரித்தால் திரும்பச் சுற்ற வராது என்றார். அந்தப் பட்டையில் உங்கள் உள்ளங்கை பட்ட இடம் இரண்டு பக்கமும் கறுத்திருக்கிறது காக்கா. அப்போதுதான் நாங்கள் கவனித்தோம், புதிது என்று நான் நினைத்த சிவப்புதான் நீங்கள் அங்கே ஓட்டியது. ஒரு வருடம் நீங்கள் பிடித்த பிடி. எங்களுக்குக் கிடைக்காத உங்கள் கை.

"வேண்டாம் அண்ணாச்சி. இது இப்படியே நிக்கட்டும், பிள்ளைக்கு வேற வாங்கிக்கிடலாம்" என்றேன்.

மதினி எழுந்து வந்தார். "சும்மா நிறுத்தி வைக்கவா அவுக கப்பல்ல போட்டாக?" என்று சொல்லி, தானே குனிந்து நுனியைப் பிடித்துப் பிரிக்க ஆரம்பித்தார். சுற்றுச் சுற்றாக வந்தது. "அவுக கை இருந்தது போதும் தம்பி. இனி பிள்ள கை இருக்கட்டும்." பிரித்ததைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டார்.

கீறிய கறுப்பை எனக்கு ஒதுக்கிவிட்டீர்களே என்று ஒரு நிமிடம் மனசு சுணங்கியது நிஜம். மாப்புக் கொடுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் பிரேக் மாற்றியிருக்கிறீர்கள், அதுவும் என்னுடையதற்கு. நீங்கள் லீவுக்கு வந்து சிவப்பை ஓட்டும்போது உங்களுக்கும் இதே நம்ம ஊர் ரோடுதானே காக்கா? உங்களுக்கென்று ஏன் நினைக்கவில்லை?

கறுப்பை எடுத்துக்கொண்டேன். ரிஸ்வானா லீவு முடிந்து போகும்வரை தினமும் சுபுஹுக்குப் பிறகு சிவப்பு முன்னால் போகும், நான் பின்னால் போவேன். அவள் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது. ஆனாலும் அவள் எப்போது திரும்பிப் பார்த்தாலும் கறுப்புச் சைக்கிள் கண்ணில் படும். விழுந்தால், விழுந்தேன் என்று அன்றைக்கே சொல்லுவேன். அல்லாஹ் மேல் ஆணை.

நீங்கள் பிரேக் மாற்றிக் கொடுத்த தம்பி,
அன்வர்