பட்டை போட்ட பொக்லைன்

ஆரணி (கும்மிடிப்பூண்டி வழி),
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மாமாவுக்கு,

உங்கள் ஈஸ்வரி எழுதுகிறேன். நானும் அத்தையும் பாப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று இந்தத் தடவை நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வீர்கள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நீங்கள் பேசும்போது சூப்பர்வைசர் பக்கத்திலேயே நிற்கிறான், ஸ்பீக்கரில் போட்டால்தான் பேச விடுகிறான், அவனுக்குத் தமிழும் தெரியும் என்று உங்களோடு மெக்கானிக்காக இருக்கும் அன்புராஜ் சொன்னார். அதன் பிறகுதான் பேப்பரை எடுத்தேன். தன் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தவர் நாளைக்குத் திரும்புகிறார். மாங்காய் ஊறுகாய் டப்பாவைச் சுற்றியிருக்கும் துணிக்குள் இதை வைத்துக் கொடுக்கப்போகிறேன். எண்ணெய் பட்டிருந்தால் திட்டாதீர்கள். காலையிலிருந்து உட்காருகிறேன், நாலு வரி எழுதுகிறேன், எழுந்து போய் இருக்கிற பாத்திரத்தையே திரும்பக் கழுவுகிறேன். எழுத்து ஒரு சீராக இருக்காது.

முதலில் வீட்டு விஷயம். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. வாயைத் திறந்து தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிறாள். அத்தை போன மாதம் வரைக்கும், "என் மவன் ஆப்பிரிக்காவுல சாக்லேட் மரம் நட்டுக்கினு கீறான்" என்று ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தெருப்பிள்ளைகள் வந்து சாக்லேட் எப்போது வரும் என்று கேட்கும். நானும் அதையேதான் நம்பினேன். நீங்கள்தானே சொன்னீர்கள், கோகோ கன்று வைக்கப் பொக்லைனில் குழி எடுக்கிற வேலை என்று.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் எனக்கு வேலை குறைந்துகொண்டே வருகிறது. முன்பெல்லாம் காட்டுப்பள்ளி துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் வந்துவிட்டால் சாப்பிடப் போகவும் நேரம் இருக்காது. கோகோ கொட்டையில் கல், காம்பு, சொத்தை பொறுக்கியே விரல் கறுத்துப்போகும். உங்கள் ஆள் கானாவில் நட்டு அனுப்புகிறார், நீ இங்கே பொறுக்குகிறாய் என்று கூட இருக்கும் பெண்கள் கிண்டல் செய்வார்கள். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. இப்போது மூட்டை வருவதில்லை. மேசை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம். கான்ட்ராக்ட் பெண்களில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். நானும் கான்ட்ராக்ட்தான்.

கொட்டை ஏன் வரவில்லை என்று நாங்கள் கேட்டதற்கு, அங்கே போய் வாங்கி வருகிற தமிழ்செல்வி மேடம் எங்களைக் கான்டீனில் உட்காரவைத்து ஒரு வீடியோ போட்டார்கள். கானாவில் ஒரு கோகோ தோட்டம். நடுவில் பெரிய பெரிய குழிகள், அதில் டீ நிறத்தில் தண்ணீர். மரங்கள் காயோடு சாய்ந்து கிடந்தன. அனுமதி இல்லாமல் தங்கம் எடுக்கிறவர்கள் செய்கிற வேலை இது, பாதரசத்தை ஊற்றி ஆற்றையும் கெடுக்கிறார்கள், ராணுவம் வந்து மிஷினைக் கொளுத்துகிறது, வெளிநாட்டு ஆட்களை ஜெயிலில் போடுகிறது என்று மேடம் சொன்னார்கள். அப்போது ஒரு பொக்லைன் திரும்பியது. அதன் பக்கெட்டில் மூன்று வெள்ளைப் பட்டை, நடுவில் சிவப்புப் பொட்டு. "இன்னாடி இது, அங்கயும் ஆயுத பூஜையா?" என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாமா, விபூதி மழையில் அழிந்துவிடுகிறது என்று பெயின்டில் பட்டை போடுகிற ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். பட்டை நேராக வராமல் வலது பக்கம் ஏறிக்கொண்டே போகும். அதை நான் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன்!

அன்றைக்கு வேனில் வரும்போது மனதுக்குள் உங்களைத் திட்டாத திட்டு இல்லை. ஆற்று மணலை அள்ளி அள்ளி நம் கிணறு உப்பாகிப் போனபோது, லாரிகளைப் பார்த்து நீங்கள் எப்படிக் கத்துவீர்கள்? அந்த வார்த்தையைப் பாப்பா கற்றுக்கொண்டு ஸ்கூலில் போய்ச் சொன்னாளே. அந்த மனுஷன் எப்படி இன்னொருவர் ஆற்றங்கரையில் போய் அதே வேலையைச் செய்கிறார்? நீங்கள் அங்கே ஒரு மரத்தைச் சாய்த்தால் இங்கே என் மேசைக்கு ஒரு மூட்டை குறைகிறது. இதை யாரிடம் சொல்லி அழுவேன்? நேராக அன்புராஜ் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "அண்ணி, அண்ணன் நல்லா கீறாரு, அவ்ளோதான் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கல்யாணப் பந்தல்காரரைப் பார்க்க நழுவிவிட்டார்.

மறுநாள் அவரே வந்தார். உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார். குழியின் கரை சரிந்து அந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேர் உள்ளே போய்விட்டார்களாம். பக்கெட் போட்டால் உடம்பு வெட்டுப்படும் என்று நீங்கள் கீழே குதித்துக் கையாலேயே மண்ணை வாரினீர்களாம். இரண்டு பேரும் உயிரோடு வரவில்லையாம். அதிலிருந்து சாப்பாட்டைத் தட்டிலேயே வைத்துவிடுகிறீர்களாம், யாரோடும் பேசுவதில்லையாம், மிஷினுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறீர்களாம். மாசம் முழுக்க நீங்கள் ஏன் போன் செய்யவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அதற்குப் பிறகு என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. உங்களை அங்கிருந்து வெளியே எடுக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே வரமாட்டேன் என்கிறது.

மேடத்திடம் தனியாகப் போனேன். அந்த வீடியோவை எடுத்தது கோகோ விவசாயிகளின் சங்கமாம். நிலத்தைத் தங்கக்காரர்களுக்குக் கொடுத்து ஏமாந்தவர்கள், குழியில் கூலிக்கு இறங்கி வெறுத்துப்போனவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். குழியை மூடி, மேல்மண் பரப்பி, நிழலுக்கு முதலில் வாழை வைத்து, அதற்கடியில் கோகோ கன்று நடுகிறார்கள். பெரிய மரங்களையும் விட்டுவைக்கிறார்களாம். காய்க்கச் சில வருஷம் ஆகும், அதுவரைக்கும் வாழையும் கிழங்கும் சோறு போடும் என்றார்கள். குழியை மூட மிஷின் இருக்கிறது, ஓட்டத் தெரிந்த ஆள்தான் கிடைப்பதில்லை, வந்தால் முறையாகப் பேப்பர் போட்டு வேலை கொடுப்பார்கள் என்றும் சொன்னார்கள். யாருக்காகக் கேட்கிறாய் என்றார்கள். தெரிந்தவர் ஒருவர் என்றேன். மேடம் அந்தச் சங்கத்தின் நம்பரைக் கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று எழுதத்தான் கை துடிக்கிறது. ஆனால் உங்களை எனக்குத் தெரியும். அந்தக் குழிகளை அப்படியே திறந்து போட்டுவிட்டு வந்தால் இங்கே என் பக்கத்தில் படுத்தாலும் உங்களுக்குத் தூக்கம் வராது. அதனால் மூடிவிட்டு வாருங்கள். எத்தனை மாதம் ஆனாலும் நான் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தச் சங்கத்திடம் போகப் பாஸ்போர்ட் வேண்டும், அது முதலாளி பெட்டியில் இருக்கிறது. மெக்கானிக்குக்கு லீவு கொடுத்தாலும், பொக்லைன் ஓட்டுகிற ஆளுக்குப் பெற்றவர்கள் செத்தால் மட்டும்தான் அதைக் கையில் கொடுத்து அனுப்புவாராம், அதுவும் போட்டோ பார்த்த பிறகு. மாமனார் காலமானது அவர்களுக்குத் தெரியும். இதை அன்புராஜ் சொல்லிக்கொண்டிருந்தபோது அத்தை உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கீரையைக் கீழே வைக்காமலே, "இன்னாடி யோசிச்சிக்கினு கீற? நான் செத்துட்டன்னு சொல்லு" என்றார். வாயை மூடுங்கள் என்று அதட்டினேன். அவர் கேட்கவில்லை. நேற்று என்னைக் கடைக்கு அனுப்பி ரோஜா மாலை வாங்கி வரச் சொன்னார். பூக்காரம்மா யார் போய்விட்டார்கள் என்று கேட்டபோது மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

கதவைச் சாத்திவிட்டு எடுத்தோம். பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன். அத்தை தரையில் படுத்து, மாலையைத் தானே சரி செய்துகொண்டு, நெற்றியில் காசு வைத்து, மூக்கில் பஞ்சும் வைத்துக்கொண்டார். எத்தனை தடவை எடுத்தும் படம் கலங்கிக்கொண்டே வந்தது. "சீக்கிரம் எடுடி, கொசு கடிக்குது" என்று கண்ணைத் திறக்காமலே திட்டினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டு, அப்போதுதான் நம்புவார்கள் என்றார். அதை மட்டும் நான் செய்யவில்லை. எவ்வளவு சண்டை போட்டும் என் கை வரவில்லை.

அடுத்த ஞாயிறு உங்களைப் போன் செய்ய வைப்பதாக அன்புராஜ் சொல்லியிருக்கிறார், அப்போது அத்தை போய்விட்டார் என்று சொல்லி அழுவேன். அந்தப் போட்டோவும் வரும். அதற்குள் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்திருக்கும் என்று அன்புராஜ் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். வந்துவிட்டது என்றால் போனை எடுத்ததும் பாப்பா பல் முளைத்துவிட்டதா என்று கேளுங்கள். கேட்காவிட்டால் நான் வாயைத் திறக்கமாட்டேன். ஒருவேளை எல்லாம் குழம்பிப்போய் போட்டோ முதலில் கண்ணில் பட்டுவிட்டால், கால் பக்கம் பாருங்கள். விரல் கட்டியிருக்காது. உங்கள் அம்மா உயிரோடுதான் இருக்கிறார்.

அத்தை பக்கத்தில் உட்கார்ந்து என்ன எழுதுகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். தன் பங்குக்கு எழுதச் சொன்னது இது: "நைனா, நான் நல்லாத்தான் கீறேன். என் ஆயுசையும் சேத்து நீ நூறு வருசம் இருக்கணும். கொள்ளி போட வர்ற மாதிரி வேகமா கெளம்பிடு."

சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருப்பான். கண்ணில் தண்ணீர் வராவிட்டால் சந்தேகப்படுவான். அதனால் தாய் செத்த பிள்ளையாக வாய்விட்டு அழுங்கள் மாமா. அந்த இரண்டு பேருக்காக அழாமல் உள்ளேயே வைத்திருப்பதையும் சேர்த்து அழுதுவிடுங்கள். அன்றைக்கு யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். நானும் கேட்கமாட்டேன்.

என்றும் உங்கள்
ஈஸ்வரி