நாலாவது நட்டு

ஜூன் 11, செவ்வாய்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்திருந்தாலும் சரி, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், இத்தோடு மூடிவிடுங்கள். மூட மனசு வரவில்லையா? படித்துத் தொலையுங்கள். ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் சத்தியமாகக் காட்டாதீர்கள்.

இன்று அவரிடம் பொய் சொல்லிவிட்டேன்.

அப்பாவின் வண்டி ரிப்பேர் ஷெட்டில் ஒரு சர்வேயரின் ஜீப் நிற்கிறது. மலைப்பாதையில் ஓடும் வண்டி. ஆள் ஆறேகால் அடி. அப்பா வைத்த பெயர் 'ஏணி'. உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. அதனால் சீட்டுக்குப் பின்னாலிருந்த தடுப்புத் தகட்டை அப்பா அறுத்து எடுத்தார். சீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டங்களை நான்கு அங்குலம் பின்னால் தள்ளிப் புதுத் துளைகள் போட்டார். நாலு மூலைக்கு நாலு போல்ட். போல்ட்டின் தலை மேலே சட்டத்துக்குள் அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். நட்டை அடியிலிருந்துதான் முறுக்க வேண்டும். அடியில் ஒரு தகரப் பெட்டி, அதில் கை விட ஒரு சின்ன வாய். அப்பாவின் கை அதில் நுழையாது. என் கை நுழையும்.

போன வருடம் வரை.

மூன்று நட்டுகள் வாய்க்குக் கிட்டத்தில் இருந்தன, விரல் நுனியில் ஸ்பேனரைப் பிடித்தே சமாளித்தேன். நாலாவது உள்மூலை. அதற்கு முழங்கை வரை உள்ளே போக வேண்டும். கை முட்டி தோல் உரிந்ததுதான் மிச்சம்.

“ஆச்சா பாப்பா?” என்றார் வெளியிலிருந்து.

“ஆச்சுப்பா.”

அப்போது நட்டு என் சட்டைப் பையில் இருந்தது. அவர் வந்து சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். மூன்று போல்ட்டிலேயே கல் மாதிரி நின்றது. பாவி சீட்டு, கொஞ்சம் ஆடியிருக்கக் கூடாதா?

ஜூன் 12, புதன்

அப்பா சாமான் வாங்கப் போன நேரத்தில் கையில் சோப்பு தடவிப் பார்த்தேன். பிறகு எண்ணெய். பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு. மூச்சுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம், முட்டாள்?

அம்மா சீட்டு உறைக்கு ரெக்சின் தைத்துக்கொண்டிருந்தாள். “முட்டியில என்னடி சிராய்ப்பு?”

“பெஞ்சுல இடிச்சுக்கிட்டேன்.”

“பெஞ்சா? உங்கப்பாகிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன். வளர்ற பொண்ணு, இன்னும் எத்தனை நாளைக்கு டப்பாவுக்குள்ள கைய விட்டுக்கிட்டு இருப்ப? போய் உக்காந்து படி.”

அதுதான் பயம். கை நுழையவில்லை என்று சொன்னால் அம்மாவுக்கு நிம்மதி. அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், தலையை ஆட்டிவிட்டு வேறு வழி பார்ப்பார். அந்த வேறு வழியில் நான் இருக்க மாட்டேன். ஷெட்டில் எனக்கென்று ஒரு முக்காலி இருக்கிறது. அதில் உட்கார எனக்கு இருக்கும் ஒரே தகுதி இந்தக் கைதான். அது கேட்காமலே வளர்ந்துவிட்டது.

ஆனால் மலையில் ஒரு பெரிய பள்ளத்தில் வண்டி இறங்கும்போது சீட்டு பெயர்ந்துகொண்டால்? ஏணி கையில் ஸ்டியரிங் இருக்குமா?

ஜூன் 13, வியாழன்

நாளை ஏணி வருகிறார். நட்டு ஜியோமெட்ரி பாக்ஸுக்குள் கிடக்கிறது. வகுப்பில் பெட்டியைத் திறக்கவே இல்லை. கோணமானி இல்லை என்று அதற்கும் ஒரு பொய்.

ஜூன் 14, வெள்ளி

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும்.

சாயங்காலம் ஏணி வந்தார். ஏறி உட்கார்ந்தார். காலை நீட்டினார். நீட்டிக்கொண்டே இருந்தார்.

“அட! இத்தனை வருஷமா முழங்காலாலதான் ஹாரன் அடிச்சேன். இனிமே கையால அடிக்கப் பழகணும்.”

அப்பா சிரித்தார். பிறகு அதைச் சொன்னார்: “அடியில முறுக்கினதெல்லாம் எம்பொண்ணு சார். யானை வந்து இழுத்தாலும் அசையாது.”

ஏணி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். விளையாட்டுக்குத்தான். பெட்டியிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருந்த நட்டை இறுக்கிப் பிடித்தேன். “விடியக்காலையில மலைக்குப் போறேன்” என்று சாவியைத் திருப்பினார். வண்டி உறுமியது.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. வண்டிக்கு முன்னால் நின்றேன். உள்ளங்கையை விரித்தேன், அவ்வளவுதான். அதில் நட்டு.

அப்பா நட்டைப் பார்த்தார். என் முட்டியைப் பார்த்தார். பிறகு ஏணி பக்கம் திரும்பி, “சார், இறங்குங்க. ஒரு வேலை பாக்கி இருக்கு. வண்டி காலையில ரெடியா இருக்கும்” என்றார்.

“இப்பத்தானய்யா கால நீட்டினேன்!”

“நல்லா நீட்டலாம் சார். நாளைக்கு.”

என் பெயரை இழுக்கவில்லை. நட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தார். சாப்பிடவும் வரவில்லை. திட்டியிருந்தால் அழுது முடித்திருப்பேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் முட்டிக்கு மருந்து போட்டாள். “முதல் நாளே சொல்றதுக்கென்ன கேடு?” என்றாள். நான் எதிர்பார்த்தது அதுவல்ல.

இப்போது பின் அறையில், ரெக்சின் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஷெட்டில் வெகு நேரமாக எதையோ அறுக்கும் சத்தம். என்ன செய்கிறார்? என் முக்காலியையா அறுக்கிறார்? அது இரும்பு அறுபடும் சத்தம். முக்காலி மரம்.

சத்தம் நின்றுவிட்டது.

செருப்புச் சத்தம்.

கதவைத் தட்டுகிறார். நோட்டை எங்கே ஒளிப்பது? வெளியிலிருந்தே பேசுகிறார்:

“பாப்பா, லைட்டு தெரியுது, நடிக்காத. பெட்டியோட வாய அகலமாக்கிட்டேன். இடம் பத்தலன்னா வாயத் தொறந்து சொல்ல மாட்டியா? முழங்கால் இடிக்குதுன்னு ஏணி வந்து சொன்னார்ல? நட்டு எங்கிட்ட இருக்கு. பதிமூணாம் நம்பர் ஸ்பேனர எடுத்துக்கிட்டு வா, கை போகுதான்னு பாக்கலாம்.”