வாவியின் ஆழம் எழுதிய கொப்பி

அன்புள்ள அண்ணா,

உலகச் சண்டை முடிந்துவிட்டது. பொலிஸார் கொண்டுபோன உங்கள் ஜப்பான் எழுத்துக் கொப்பி நேற்றுத்தான் திரும்பி வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் காய்ச்சலில் கண்மூடி இரண்டு வருடத்தில் ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டான். அடுத்த கிழமையே இன்ஸ்பெக்டர் நம் வீட்டுக்கு வந்தார். கொழும்பில் ஜப்பான் சாமான் கடையில் நீங்கள் வேலை பார்த்தது, அந்த முதலாளியிடம் எழுத்துப் படித்தது, அவர்கள் நாட்டுச் சர்வகலாசாலையில் மொழியும் சரித்திரமும் படிக்க ஆயத்தமானது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. யார் சொன்னார்கள்?

பெட்டியைக் கிளறிக் கொப்பியை எடுத்தார். அதில் நம் வாவியின் படம். குருக்கள்மடத்திலிருந்து முகத்துவாரம் வரை, இடத்துக்கு இடம் ஜப்பான் எழுத்து.

"உன்ட அண்ணன் தோணியில போய் ஆழம் பாத்தவரா?"

"ஓம் ஐயா. மூங்கில் தடியால பாத்தவர்."

"ஆருக்காக?"

"எனக்குத் தெரியா ஐயா."

பயத்தில் சொன்னேன் என்றால் அது பொய். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது அண்ணா. படிக்கப் போகிறவருக்கு வாவியின் ஆழம் எதற்கு? தடியோடு தோணி ஏறிய அன்றைக்கே கேட்டேனே, ஏன் சிரித்துவிட்டுப் போனீர்கள்? கொழும்பிலிருந்து வந்த கடிதங்களை ஏன் ஒளித்து வைத்தீர்கள்? உங்கள் திவசத்துக்குப் படையல் வைக்கும்போதும் இதே கேள்விகள்தான்.

திரும்பி வந்த கொப்பிக்குள் பொலிஸார் செய்வித்த இங்கிலீசு மொழிபெயர்ப்பு ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரர் வாசித்துச் சொன்னார். சர்வகலாசாலை விண்ணப்பத்தோடு அனுப்ப நீங்கள் எழுதிய கட்டுரையாம், 'என் ஊர்' என்று. படத்தில் நம் கரைக்கு நேரே எழுதியிருக்கிறீர்கள்: "இங்கே இடுப்பளவு தண்ணீர்தான். நீந்தத் தெரியாத என் தங்கை பயமில்லாமல் மட்டி பொறுக்கலாம்."

அவர் வாசித்து முடிக்கும் முன்பே எழுந்து குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஆனால், படத்துக்கு அடுத்த தாளைக் காணவில்லை. கிழித்த அடையாளம் இருக்கிறது.

"அதிலதான் வேவு பாத்தது ஏதும் இருந்திருக்கும்" என்றார் அவர்.

"கிழிச்சது ஆர் எண்டு முதல்ல கேளுங்க" என்றேன்.

நாளைக் காலை பஸ் ஏறிப் பொலிஸ் நிலையம் போகிறேன் அண்ணா. விரட்டினால் மறுநாளும் போவேன். அந்தத் தாளைக் கிழித்தது யார் என்று தெரியும்வரை விடமாட்டேன்.

உங்களை நம்பாமல் போன,
உங்கள் ஒரே தங்கச்சி,
பாக்கியம்