சம்பந்தியின் மூக்குப்பொடிக் குப்பி

துன்
சுவிஸ், 07.10.2025

அன்புள்ள ரிஷானிக் குட்டி,

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் தெமூலனின் தகப்பன் பெண் கேட்டு வந்தபோது நீட்டிய குப்பியை நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. நீ போனை எடுக்காதபடியால் முத்திரை ஒட்டவேண்டியதாயிற்று.

நீ பேர்னில் மாட்டுக்குப் பிரசவம் பார்த்து ரயிலைத் தவறவிட்டாய். இங்கே மங்கோலியப் பெரியவர் நீல அங்கியோடு சோபாவில் நிமிர்ந்து இருந்தார். "உங்கட ஆடுமாடு கொழுப்பா இருக்கோ?" என்று மகனைக்கொண்டு கேட்டார். அவர்கள் சுகம் விசாரிப்பது அப்படியாம். "ஃபிரிட்ஜில ஒரு கோழி கிடக்கு, நல்ல சுகம்" என்றேன். தெமூலன் அதை மொழிபெயர்க்கவில்லை.

பிறகு பட்டுப்பையிலிருந்து ஒரு கல்குப்பியை எடுத்து நீட்டினார். நானும் மரியாதையாகச் சட்டைக் கையை இறக்கிவிட்டு, வலது முழங்கைக்குக் கீழே இடது கையைக் கொடுத்து வாங்கினேன். சம்பந்திக்குப் பரிசாக்கும் என்று உள்ளே வைத்தேன். பதிலுக்கு அம்மாவின் ஊறுகாய்ப் போத்தலைக் கொடுத்தேன். மனிதர் என் சட்டைப்பையையே பார்த்தபடி இருந்தார். தேத்தண்ணி ஆறியது. எழும்பிப் போய்விட்டார்.

அம்மா என்னோடு கதைப்பதில்லை. மேல்மாடிக் கஜலக்சுமியோடு என்னைப் பற்றி நிறையக் கதைக்கிறா. சனிக்கிழமை பெரியவருக்கு விமானமாம். என்ன செய்ய?

அன்பு அப்பா
இரவீந்திரன்


பேர்ன்
09.10.2025

அப்பா,

அன்புள்ள என்று போட மனம் வரவில்லை.

அது பரிசு இல்லை. மங்கோலியர் சந்தித்தால் குப்பியைக் கைமாற்றி, முகர்ந்து, திருப்பிக் கொடுப்பார்கள். அவர்களுக்கு அதுதான் வணக்கம். அந்தக் குப்பி தெமூலனின் பூட்டனுடையது. வந்த வீட்டில் வாய்விட்டுத் திருப்பிக் கேட்பது பெரியவருக்கு வெட்கம். வெளியே வந்து, "வணக்கத்தைத் திருப்பித் தராத வீட்டிலயோ பொம்பிளை எடுக்கிறது?" என்று மட்டும் மகனிடம் கேட்டாராம்.

நானும் ஒன்று கேட்கிறேன். கோயிலில்கூடச் சட்டைக் கையை இறக்காத மனுஷன் நீங்கள். முழங்கையைத் தாங்கி வாங்க யார் சொல்லித் தந்தது? மங்கோலிய வழக்கம் பற்றி நான் அனுப்பிய வீடியோவில் அது இருக்கிறது. திருப்பிக் கொடுப்பதும் அதே வீடியோவில், அதற்கு அடுத்ததாகத்தான் வருகிறது. தெரிந்துகொண்டா செய்தீர்கள்?

சனி காலை, சூரிச் விமான நிலையம். உங்கள் முகம் பார்க்க விருப்பமில்லை, நான் வரமாட்டேன். நீங்கள் போகாவிட்டால் என் கலியாணத்துக்கு உங்களைக் கூப்பிடவும் மாட்டேன். கலியாணம் நடந்தால்.

ரிஷானி


துன்
12.10.2025

என் ரிஷானிக்கு,

ஓம். முழு வீடியோவையும் பார்த்தேன், இரண்டு தரம். கலியாணம் கட்டி அந்த மங்கோலிய வெட்டவெளியில் போய் ஒட்டகத்துக்கு ஊசி போடப்போகிறாய் என்று அம்மா சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. குப்பி என்னிடம் நின்றால் பேச்சு முறியும் என்று கணக்குப் போட்டேன். உன் 'அன்புள்ள'தான் முறிந்தது.

நேற்று விமான நிலையத்தில் என்னைக் கண்டும் பெரியவர் எழும்பவில்லை. மூடியைச் சற்றுத் தளர்த்தி, முழங்கையைத் தாங்கி நீட்டினேன். அவர் வாங்கவில்லை. தெமூலன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உம்மட மகள் எங்கட குளிரைத் தாங்குவாளோ?" என்று பெரியவர் மகனைக்கொண்டு கேட்டார்.

"இருபத்தாறு வருசமா என்னையே தாங்கினவள்" என்றேன். இந்த முறை தெமூலன் மொழிபெயர்த்தான்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் குப்பியை வாங்கி முகர்ந்தார். முகர்ந்துவிட்டு என் கையிலேயே திருப்பி வைத்தார்! எனக்கு வியர்த்துவிட்டது. முகர்ந்த மூச்சு முடியுமுன் திருப்பிக் கொடுத்தேன். அப்போதுதான் சிரித்தார். "கோடையில, குதிரைப்பால் கறக்கிற காலத்தில கலியாணத்தை வைப்பம்" என்றார்.

அம்மா சேலை பார்க்கத் தொடங்கிவிட்டா. நீ போனை எடு.

உன் அப்பா

பி.கு: உள்ளே போகுமுன் சோதனைக்காக அவர் அங்கிப் பைகளைக் காலி செய்தார். அவற்றுக்குள் இன்னொரு குப்பி இருந்தது, விளிம்பு தேய்ந்த சிவப்புக் கல். பூட்டனுடையது அதுதானாம், அறியாத வீடுகளுக்கு அவர் அதை வெளியே எடுப்பதில்லையாம். ஒரு வாரமாக நான் ஒளித்து வைத்திருந்தது, வரும் வழியில் விமான நிலையக் கடையில் வாங்கியது.