முதலில் பறக்கும் துகள்கள்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நலம்தானே? முட்டிவலிக்கு மாத்திரை போடுகிறாயா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

உன் தம்பியோடு பேசமாட்டேன் என்று நான் சொன்னதற்கு, போன வாரம் போனில், "அப்போ அங்கேயே கெடங்க, வீட்டுக்கு வரவே வேணாம்" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பதில் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இங்கே கனமான அணுக்கருக்களை மோதவிட்டு, அவை சேர்ந்து உருவாகும் சூடான கருவின் வெப்பநிலையை அளக்கிறோம். உள்ளே தெர்மாமீட்டர் வைக்க முடியாது. வெளியே தெறிக்கும் துகள்களின் ஆற்றலை வைத்துத்தான் சொல்ல வேண்டும். மோதிய வேகத்தில் முதலில் பறப்பவற்றையும் சேர்த்தால் சூடு அதிகமாகத் தெரியும் என்று தொண்டைத்தண்ணீர் வற்றச் சொன்னேன். எங்கள் தலைவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேற்று கணக்கு உதைத்ததும், "நானும் அதத்தான் நெனச்சேன் சார்" என்கிறார். அந்த ஆளை மன்னிக்கவே மாட்டேன். உன் வார்த்தையை மட்டும் முதலில் பறந்த துகளாக ஒதுக்கிவிட்டேன்.

நம் பழைய வாடகை அறையில், பாத்திரம் துலக்கிய கை ஈரமாக இருக்கிறதென்று மணிக்கட்டால் என் கழுத்தைத் தொட்டு, "காய்ச்சலாவது ஒண்ணாவது! வேலைக்குப் போக உடம்பு வணங்கல" என்பாய். அப்போது எரிச்சலாக வரும். இரண்டு நாளாக நானே தொட்டுப் பார்க்கிறேன். கையும் கழுத்தும் ஒரே சூட்டில் இருப்பதால் ஒன்றும் பிடிபடவில்லை. பயப்படாதே, பெரிதாக எதுவுமில்லை.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். லீவு கிடைத்துவிடும். நீ "வாங்க" என்று ஒரு வார்த்தை எழுது. ஸ்டேஷனுக்கு உன் தம்பியே வந்தாலும், பேசாமல் வண்டியில் ஏறிக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரன்