நீல முட்டை வைத்த கொட்டான்கள்

மைனி,

வண்டிக்காளையின் கழுத்தில் நுகத்தடி உரசிப் புண்ணாகிவிட்டது. மருந்து வாங்க நேற்று அம்பாசமுத்திரம் போயிருந்தேன். நாட்டுமருந்துக் கடைக்காரர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து நீலக் கட்டி ஒன்றை எடுத்துக் காகிதத்தில் வைத்தார். மயில்துத்தம். வெயில் பட்டதும் மயில் கழுத்து மாதிரியே மின்னியது. "தடவிட்டுக் கைய நல்லாக் கழுவும் வே" என்றார். மற்ற நாளாயிருந்தால் அவரை ஏதாவது கிண்டல் பண்ணியிருப்பேன். பொட்டலத்தை மடியில் கட்டாமல் விரல் நுனியில் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் மனதுக்குள் உங்களோடு பேச்சுத்தான். பேசியது போதவில்லை, அதனால் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்ததைவிட வாசலில் முட்டி போட்டதுதான் அதிகம் என்று உங்களுக்குத் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் உங்களைக் கைப்பிடித்து நம் வீட்டுக்குக் கூட்டிவந்த நாளிலிருந்து உங்கள் குரல் அடுப்படியைத் தாண்டிக் கேட்டதில்லை. பக்கத்து வீட்டில் முறம் வாங்கவேண்டுமென்றாலும் என்னைத்தான் அனுப்புவீர்கள். எங்கள் மைனி வாயைத் தாய்வீட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்துவிட்டார்கள் என்று நான் தெருவெல்லாம் சொல்லித் திரிவேன். நீங்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பீர்கள். தெருப் பிள்ளைகளிடம் மட்டும்தான் உங்களுக்குப் பேச்சு. தனக்கென்று ஒன்று தங்காதவளுக்கு ஊரார் பிள்ளை எதற்கு என்று சிலர் காதுபடவே சொன்னார்கள். நீங்கள் அரிசி புடைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

அப்படி ஒரு வருஷம், மிஷன் பங்களாவின் வெள்ளைக்காரத் துரைசானி அம்மா ஒரு படம் கொண்டுவந்து ஆராதனை முடிந்ததும் காட்டினார்கள். புல் பரப்பிய கூடை, அதில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக முட்டைகள். அவர்கள் தேசத்தில் ஈஸ்டர் அன்று சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களாம். நம் சபையில் யார் செய்வீர்கள் என்று உபதேசியார் கேட்டார். பெண்கள் பக்கத்தில் கடைசியாக உட்கார்ந்திருந்த நீங்கள் கையை மட்டும் தூக்கினீர்கள்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் நம் தெருவில் யாரும் முட்டை தொடுவதில்லை. பரிசுத்த வாரத்தில் கோழிகள் இட்டதெல்லாம் உங்களிடம் வந்து சேர்ந்தன. சனிக்கிழமை முழுக்க நம் முற்றத்தில் வேலை. குருத்தோலை ஞாயிற்றுக்கு வெட்டியதில் மிச்சமிருந்த ஓலையைக் கிழித்து நான் சின்னச் சின்னக் கூடையாகக் கொட்டான் முடைந்தேன். சின்னக் கை பிடிக்கிற மாதிரிக் கைப்பிடி ஒல்லியாக இருக்கவேண்டும் என்று நீங்கள் இரண்டு முறை அவிழ்க்க வைத்தீர்கள். உள்ளே வைக்கோல், அதன்மேல் இரண்டு முந்திரிக்கொத்து, ஓர் எள்ளுருண்டை, ஓலைக் கிலுகிலுப்பை, நடுவில் முட்டை. மஞ்சள் அரைத்து ஒரு சட்டியில் மஞ்சள் நிறம், வெங்காயச் சருகு போட்டு இன்னொன்றில் சிவப்பு. படத்தில் பார்த்த நீலத்தை நீங்கள் விடவில்லை. அண்ணனுக்குக் காலில் புண் வந்தபோது வாங்கிய மயில்துத்தம் கொஞ்சம் வீட்டில் கிடந்தது. புண்ணை ஆற்றிய மருந்துதானே என்று அதைக் கரைத்து அந்தத் தண்ணீரிலேயே முட்டைகளை அவித்தீர்கள். ஒன்பது முட்டைக்குத்தான் நீலம் வந்தது. அந்த ஒன்பதையும் இருப்பதிலேயே சின்னப் பிள்ளைகளின் கொட்டானில் வைத்தீர்கள்.

விடியற்கால ஆராதனை முடிந்து கோவில் வாசலில் கொட்டான்களைக் கொடுத்தோம். பிள்ளைகள் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடின. நாமும் திரும்பினோம். முற்றத்தில் நாம் விட்டுப்போன சாயச் சட்டிகளுக்குப் பக்கத்தில் இரண்டு கோழிகள் கழுத்தைத் தரையில் போட்டுக் கிடந்தன. ஒன்று காலை உதைத்துக்கொண்டிருந்தது.

"தம்பி, மஞ்சத் தண்ணி அப்படியே இருக்கு" என்றீர்கள். "நீலச் சட்டியத்தான் குடிச்சிருக்கு."

நான் தெருவுக்கு ஓடினேன். ஏலே, நீல முட்டையத் தின்னாதீங்க, எங்கிட்டக் கொண்டாங்க என்று கத்தினேன். போன கிறிஸ்துமசுக்கு இதே பிள்ளைகளிடம், அதிரசத்துக்குள் தவளை இருக்கிறது என்று சொல்லிப் பிடுங்கித் தின்றவன் நான். ஒரு பொடியன் வைக்கோல்போரில் ஏறி நின்று நீல முட்டையைக் காட்டி, கடிக்கிற மாதிரி வாயைத் திறந்து மூடினான். "மாமா வெளையாடுதாரு" என்று மற்றவை குதித்தன. ஒரு தாய் சிரித்துக்கொண்டே, "இவருக்கு ஒரு முட்டையக் குடுங்கட்டி, மனுசன் ஏங்கிப்போனாரு" என்றாள். சத்தியம் பண்ணினேன். அதற்கும் சிரித்தார்கள்.

அப்போது எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. யாருடைய குரல் என்று எனக்கே தெரியவில்லை.

"நீல முட்டையத் தின்னாதீங்க. அதுல விஷம் இருக்கு. நாந்தான் வச்சேன்."

தெரு நடுவில் நின்றுகொண்டிருந்தீர்கள். மறுபடியும் அதையே சொன்னீர்கள். நாந்தான் வச்சேன். அதற்கப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை. வைக்கோல்போர்ப் பொடியன் முட்டையைக் கீழே போட்டான். தாய்மார் வீட்டுக்குள் ஓடினார்கள். ஒவ்வொன்றாக வந்தது. உங்கள் மடியில் எட்டு நீல முட்டை சேர்ந்தது. ஒன்பதாவது ரூத்துடையது. நாலு வயசு. வீட்டுக் கொல்லையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். கையில் நீல ஓடு, விரிசல் வழியே உள்ளேயும் இறங்கியிருந்த நீலம், வாயோரம் மஞ்சள் கரு. பாதிக்கு மேல் போயிருந்தது.

நீங்கள் தூக்கப் போனீர்கள். அவள் தாய் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். "தொடாதீங்க. ஒண்ணப் பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள். நீங்கள் தள்ளிப்போய் வாசலுக்கு வெளியே நின்றீர்கள்.

அடுத்த தெருவிலிருந்து மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரை இழுத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் ரூத் ஒருமுறை வாந்தியெடுத்திருந்தாள், பச்சையும் நீலமுமாக. அவிக்காத முட்டையின் வெள்ளைக்கருவும் பாலும் உடனே உள்ளே போகவேண்டும், வயிற்றில் இருப்பதை அது பிடித்துக்கொள்ளும் என்றார் கம்பவுண்டர். பால் கிடைத்தது. முட்டைக்கு எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தெருவிலிருந்த முட்டை முழுவதையும் நாம் அவித்துவிட்டோமே மைனி!

கீழத்தெருவுக்கு ஓடினேன். வேதக்காரர் அல்லாத, அம்மன் கும்பிடுகிறவர்கள் இருக்கிற தெரு அது. கடை அண்ணாச்சி வீட்டில் முந்தின நாள்தான் அடை வைத்த கோழி உண்டென்று தெரியும். முட்டை வேண்டும் என்றதும் அவர் சிரித்தார். "என்ன வே, விடியக்கருக்கல்ல ஊருக்கே முட்டை குடுத்தீங்க, இப்ப எங்கிட்ட முட்டையா? கேலிக்கு வேற ஆளப் பாரும்." மூச்சிரைக்கக் கையை நீட்டினேன். என் முகத்தைப் பார்த்தவர் தாமே உள்ளே போய், கோழி கொத்தக் கொத்தக் கூடைக்குள் கையை விட்டு, புதிதாக இட்டதாகப் பார்த்து எடுத்துத் துண்டில் கட்டிக் கொடுத்தார்.

வந்து பார்த்தால், பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். கம்பவுண்டர் பாலைக் காட்டினார், துப்பினாள். வெள்ளைக்கருவைத் தாய் ஊட்டப் பார்த்தாள், கெஞ்சினாள், முதுகில் ஒன்று வைத்தாள். ரூத் வாசலில் நின்ற உங்களைப் பார்த்து அழுதாள். "அத்தை குடுத்தாத்தான்."

வீட்டுக்குள் இருந்த அத்தனை பேரும் அவள் தாயைப் பார்த்தார்கள். அவள் தலை நிமிரவே இல்லை. பிள்ளையின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது.

"வாங்க" என்றாள் கடைசியில். "நீங்களே குடுங்க."

"என் கையாலயா?" என்று கேட்டீர்கள். அவள் பிள்ளையை உங்கள் மடியில் வைத்தாள்.

நீங்கள் கிண்ணத்தை அவள் வாயருகே கொண்டுபோனீர்கள். வாடை பிடிக்காமல் ரூத் உங்களிடமும் வாயை மூடிக்கொண்டாள். நான் அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். இதைக் குடித்தால் வயிற்றுக்குள்ளே கோழிக்குஞ்சு பாடும் என்றேன். "உனக்குக் கிடையாது ரூத்து, எனக்குத்தான் வேணும்" என்று கிண்ணத்தைப் பிடுங்கப் போனேன். என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நல்லவேளை, பிள்ளை அதைக் கவனிக்கவில்லை. "எனக்குத்தான்" என்று கத்த வாயைத் திறந்தாள். நீங்கள் ஊற்றினீர்கள். அடுத்த மடக்குக்கும் அதே சண்டை. அதற்கடுத்ததற்கும். பிறகு வெள்ளையும் நீலமுமாகக் கட்டி கட்டியாக வாந்தி வந்தது. கம்பவுண்டர் நாடியைப் பிடித்தபடியே இருந்தார். வெயில் நன்றாக ஏறினபின்தான் கையை விட்டார். எனக்கு முந்திரிக்கொத்து எங்கே என்று ரூத் கேட்டாள்.

இனிமேல் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் கொடுக்கமாட்டேன் என்று அன்று நீங்கள் அண்ணனிடம் சொன்னீர்கள். ஒரு வருஷம் சொன்னபடியே இருந்தீர்கள். தெருப் பிள்ளைகள் முற்றத்துக்கு வந்தால் உள்ளே போய்விடுவீர்கள். அடுத்த பரிசுத்த வாரத்தில் ரூத்தின் தாய் மடியில் முட்டைகளைக் கட்டிக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நம் வாசலுக்கு வந்தாள். நிலைப்படியில் நின்றபடியே, "மஞ்சளும் செவப்பும் போதும் அக்கா" என்றாள். நீங்கள் போய்ச் சட்டிகளை எடுத்துவந்து கழுவ ஆரம்பித்தீர்கள்.

போன அடைமழைக் காலத்துக் காய்ச்சலில் நீங்கள் எங்களை விட்டுப் போய்விட்டீர்கள். கொட்டான்களை இப்போது ரூத்தும் அவள் தாயும் செய்கிறார்கள். முடைகிற வேலை இன்னமும் எனக்குத்தான். என் கேலியும் குறையவில்லை. தவளை, பூதம், கோழிக்குஞ்சு எல்லாம் உண்டு. விஷம் என்று மட்டும் நான் விளையாட்டுக்குச் சொன்னதில்லை. தின்னாதே, நில் என்றும் அப்படிச் சொன்னதில்லை. அந்தச் சொற்களைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

போன வாரம் உபதேசியாரின் பேத்தி ஆட்டுக்குட்டியை விரட்டிக்கொண்டு ரயில் பாதைக்கு ஏறினாள். சேர்மாதேவிப் பக்கமிருந்து வண்டி வந்துகொண்டிருந்தது. நான் வயலுக்குள் எட்டத்தில் நின்றேன். "நில்லு" என்றேன். பிள்ளை அப்படியே நின்றாள். வரப்பில் போய்க்கொண்டிருந்தவர்களும் நின்றார்கள். வண்டி கடந்து போனபின் ஒருவன் என்னிடம் வந்து, உம்ம குரல் மாதிரி இல்லையே, அது யார் கத்தினது என்று கேட்டான்.

எங்கள் மைனி என்றேன். அவன் கேலி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு போனான்.