மேஸ்திரி வச்ச பேரு

மாமு,

கல்மண்டபத்துல புதுசா ஒரு சலவைக் கடை தொறந்துகீறான். தண்ணியே இல்லாம துணி வெளுக்கிறானாம். டிரை கிளீனிங்னு பெருசா போர்டு. இன்னிக்கிக் காலையில அதுக்குப் பக்கத்துல நின்னு டீ குடிச்சிகினு இருந்தேன். உள்ளேந்து ஒருத்தன் எவனோ மாப்பிள்ளையோட கோட்டை எடுத்தாந்து வாசல்ல உதறினான் பாரு, அந்த வாசனை வந்துடுச்சு. இனிப்பா, சில்லுன்னு, மூக்குல பூந்து நெத்தியில போயி குந்திக்குமே, அதே வாசனை. கிளாஸை அப்படியே வச்சிட்டு ரோட்டைத் தாண்டி அந்தாண்ட ஓடிட்டேன். டீக்கடை பாய் கத்துறாரு: "இன்னாப்பா, டீயில ஈ கீதா?"

ஈ இல்ல. நீ தான் இருந்த.

செத்தவனுக்குக் கடுதாசி எழுதுறான் பாரு கேனயன்னு நீ சிரிப்ப. சிரி. உசிரோட இருந்தப்பவே உனக்குப் படிக்க வராது. நான் தான பத்தாவதுல வாத்தியாரோட சண்டை போட்டுகினு பையை அவுரு மேஜை மேலயே கெடாசிட்டு வந்தவன். அதுக்கு நீ எனக்கு வச்ச பேரு அரை வாத்தி. "டேய் அரை வாத்தி, அந்த போர்டுல இன்னா போட்டுகீது, படி." பஸ்ஸு போர்டு, சினிமா போஸ்டரு, எதையும் உட மாட்ட. இதையும் நானே படிச்சிக் காட்டுறேன்னு வச்சிக்க.

திருவொத்தியூர் தாண்டி அந்தக் கம்பெனியில நாம காண்ட்ராக்டுல சேந்தப்ப ஊரே அதைப் பத்தித் தான் பேசிகினு இருந்துச்சு. வெளிநாட்டுக்காரன் கூட்டு, கண்ணாடி வச்ச கட்டடம், எலெக்ட்ரிக் மிஷின் செய்யிற எடம். அப்பால கம்ப்யூட்டர் வந்துச்சு, கப்பல்ல வந்து எறங்கி, ஆர்பர்லேந்து லாரியில, பெட்டி பெட்டியா. பர்மனென்ட் ஆளுங்க தொடவே மாட்டோம்னுட்டாங்கோ. அது வந்தா தங்களோட வேலை பூடும்னு அவுங்க சங்கத்துல பயம். உடனே இஞ்சினியரு நம்மளைக் கூப்ட்டாரு. "போறதுக்கு வேலைன்னு ஒண்ணு இருக்கிறவன் பயப்படட்டும் மாமு. நீ தூக்கு"ன்ன.

அந்த ரூமுக்குள்ள போறதுக்கு மின்னாடி காலைக் கழுவச் சொன்னாங்கோ, ஞாபகம் கீதா? தூசி பட்டா மிஷினுக்கு ஆவாதாம். சூடும் ஆவாதாம், அதுக்காவ ஏசி. நம்ம ஷெட்டு தகரக் கூரை. ஒரு ஃபேன் கிடையாது. தண்ணி குடிக்க கேட்டுக்கு வெளிய கீற குழாய்க்குப் போவணும், உள்ள கீற கூலரு பர்மனென்ட்டுக்கு. பூட்ஸு அவனுக்கு, கிளவுஸு அவனுக்கு, கேன்டீன் சோறு அவனுக்கு. வேலை மட்டும் ஒரே வேலை. அவன் மாட்டேன்னு சொல்ற வேலை முழுசா நம்முளுது.

பெட்டியை எறக்கி வச்சிட்டு நீ ஏசிக்கு நேரா கண்ணை மூடிகினு நின்ன. "மோட்சம்னு ஃபாதர் சொல்றது இதைத்தான்டா." அப்பறம் மிஷின் மேல ஒரு பித்தளைத் தகடு பாத்துட்ட. "அரை வாத்தி, இது இன்னா?"

"அதோட பேரு."

"மிஷினுக்கா? தோ பார்றா! அது வந்து இன்னும் ஒருநாள் ஆவல, அதுக்குள்ள பேரு வச்சி தகடு அடிச்சிட்டானுங்கோ. நமக்கு?"

நமக்கு எங்க மாமு பேரு? கொஞ்ச மாசத்துக்கு ஒரு தபா மேஸ்திரி எல்லாரையும் வூட்டுக்கு அனுப்புவான். ஒரு வாரம் கழிச்சி திரும்ப எடுப்பான், வேற பேருல. ஒரே ஆளு ஒரே பேருல வருசம் முழுக்க வேலை செஞ்சான்னு வந்துட்டா, என்னை பர்மனென்ட் பண்ணுன்னு கேப்பானாம். அதனால பழைய ஆளு போயிட்டான், புது ஆளு வந்துட்டான்னு கணக்கு. டோக்கனை கழுத்துல மாட்டுறப்ப மேஸ்திரி வாய்க்கு இன்னா வருதோ அதான் பேரு. கடைசி தபா உனக்கு முனுசாமி. எனக்கு சின்னப்பன். வேதக்காரன் உனக்கு எங்க சாமி பேரு, எனக்கு உங்க மாதா கோயில் பேரு. நீ வுழுந்து வுழுந்து சிரிச்ச. "நம்ம ரெண்டு பேரையும் மேஸ்திரி சம்மந்தி ஆக்கிட்டான்டா. ஃபாதருக்குத் தெரிஞ்சா எனக்கு இன்னொரு தபா ஞானஸ்நானம் குடுத்துடுவாரு."

நானும் சிரிச்சேன். பேரு தான, கூப்ட்டா 'இருக்கேன்'னு கத்தினா போச்சுன்னு நெனச்சோம். பேரை எடுத்துகினான்னா ஆளையே எடுத்துகினான்னு நமக்கு அப்ப தெரியாது.

அந்த டேங்க் வேலை. இரும்பு சாமானுக்கு எண்ணெய்ப் பிசுக்கு போவறதுக்கு ஒரு மருந்துல முக்கி எடுப்பாங்கோ, அந்த இனிப்பு வாசனை அதோடது தான். அடியில கசடு சேந்தா ஒரு ஆளு உள்ள எறங்கி சொரண்டணும். பர்மனென்ட் ஆளு எறங்குறதா இருந்தா மின்னாடி நாளே மருந்தை வடிச்சி, மூடியைத் தொறந்து, ஃபேன் வச்சி காத்து அடிப்பான். மூஞ்சிக்கு மாஸ்க்கு, இடுப்புல கயிறு, மேல ஒரு ஆளு காவல். அன்னிக்கி கம்ப்யூட்டரைப் பாக்க வெளிநாட்டுக்காரனுங்க வராங்கோன்னு அவசரம். காலையில தான் வடிச்சானுங்கோ. மேஸ்திரி உன்கிட்ட ஒரு ஈரத் துண்டை நீட்டினான். "மூக்குல கட்டிக்க நைனா. சட்டுனு முடிச்சிட்டு வந்துடு."

நீ எறங்குன. கொஞ்ச நேரத்துல உள்ளேந்து சிரிப்பு. அப்பால பாட்டு. மேல நின்ன இஞ்சினியரு மூஞ்சியைச் சுளிச்சாரு. "இவன் குடிச்சிட்டு வந்திருக்கானா?" குடியா? ஸ்டெல்லாவைக் கட்டிகினப்ப மாதா கோயில்ல மெழுகுவத்தியைத் தொட்டு சத்தியம் பண்ணவன் நீ. அந்த மருந்து தலைக்கு ஏறினா அப்படித்தான் சார், சாராயம் மாதிரி ஏறும் சார்னு நான் கத்துறேன். பாட்டு நின்னுபோச்சு.

நான் குதிக்கப் போனேன், நம்ம ஆளுங்க பிடிச்சிகினாங்கோ. துண்டையெல்லாம் முடிச்சி போட்டு, என் இடுப்புல கட்டி எறக்கி, உன்னைத் தூக்கினோம். மூச்சு இருந்துச்சு மாமு. கேட்டுக்கு உள்ளயே முதலுதவி ரூம், கட்டில், டாக்டரு, எல்லாம் கீது. ஓடினோம். வாட்ச்மேன் குறுக்க கையை வச்சான். "காண்ட்ராக்டுக்கு இங்க பாக்கறதில்லப்பா. எனக்கும் புள்ள குட்டி கீது." அதுக்குள்ள மேஸ்திரி வந்து உன் கழுத்துல கைய உட்டு டோக்கனை வெடுக்குனு அறுத்தான். அப்பால உன்னை வெளிய தூக்கினு போயி ரோட்டோரம் பூவரச மரத்தடியில போடச் சொன்னான். மரத்தடியில கிடந்தா ரோட்டுல வுழுந்தவன். கம்பெனிக்கு சம்மந்தம் இல்ல.

காசிமேட்டுக்குப் போற மீன் லாரி ஒண்ணு தான் நின்னுச்சு. ஐஸ் கூடை நடுவுல உன்னைப் படுக்க வச்சி, தலைய நான் மடியில வச்சிகினேன். ஆஸ்பத்திரி வரதுக்குள்ள நீ போயிட்ட. உன் வாயில அந்த இனிப்பு வாசனை. மீன் வாடையைத் தாண்டி அது தான் வந்துச்சு.

அழுவறதுக்கு எனக்கு நேரம் இல்ல. கோவம் தான். இப்பவும் கோவம் தான். குடிச்சிட்டு ரோட்டுல வுழுந்து செத்தான்னு சொல்லிட்டானுங்கோ மாமு, உன்னை!

ஸ்டெல்லா புகாரு குடுத்துச்சு. "நஷ்டஈடு அப்பறம் அண்ணே. மொதல்ல அவுரு குடிக்கலன்னு சொல்லட்டும். அந்தத் தொட்டியில செத்தாருன்னு சொல்லட்டும்." சாட்சி நான். விசாரணைக்கு மின்னாடி மேஸ்திரி என்னைத் தேடி வூட்டுக்கே வந்தான், கையில பழம். "பர்மனென்ட் பண்றேன்றாங்க நைனா. நீல சட்டை, பூட்ஸு. நீ பொய் கூட சொல்ல வேணாம். நான் பாக்கலன்னு சொன்னா போதும்." பழத்தை அவன் சைக்கிள் கேரியர்லயே திரும்ப மாட்டி உட்டேன். "அந்த பூட்ஸை அவன் எறங்குறப்ப குடுத்திருக்கணும், சோமாரி."

லேபர் ஆபீசரு ரூம்ல நடந்ததைக் கேளு. கம்பெனிக்காரரு நல்ல தமிழ்ல, மெதுவா பேசுறாரு. இவுங்க வூட்டுக்காரரு பேருல எங்ககிட்ட யாரும் வேலை செய்யல. முனுசாமின்னு ஒருத்தரு செஞ்சாரு, அவுரு நல்லா கீறாரு, தோ கூட்டினு வந்துகீறோம்னாரு. கதவு தொறந்துச்சு. உன் டோக்கனை மாட்டிகினு ஒருத்தன் வந்து நின்னான். புதுசா சேத்த ஆளு. ஒட்டின வயிறு. தரையையே பாத்துகினு இருந்தான்.

"உன் பேரு என்ன?"ன்னாரு ஆபீசரு.

"முனுசாமிங்க."

ஸ்டெல்லா அவனைத் திட்டல. "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாப்பா?"ன்னு மட்டும் கேட்டுச்சு. அவன் ஆமான்னு தலைய ஆட்டினான். என்னையும் ஒதுக்கிட்டாங்கோ. என் சொந்தப் பேருலயும் அந்தக் கம்பெனியில எவனும் வேலை செய்யலயாம். இல்லாத ஆளு செத்ததுக்கு இல்லாத ஆளு சாட்சி. ஷோக்கா கீதா?

மறுநாள் காலையில கேட்டாண்ட எல்லாரும் நின்னுகினு இருக்கோம். நான் யாருக்கும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல, சத்தியமா. மேஸ்திரி பேரு கூப்புட ஆரம்பிச்சான். "முனுசாமி!" சத்தம் இல்ல. "டேய் முனுசாமி, செவுடா?" அந்தப் புது ஆளு டோக்கனைக் கழட்டி கையில வச்சிகினான். "முனுசாமி செத்துட்டான் மேஸ்திரி. நான் வேற ஆளு."

அவ்ளோ தான். அதுக்கப்பறம் எந்தப் பேருக்கும் எவனும் 'இருக்கேன்'னு சொல்லல. கபாலி, இல்ல. அந்தோணி, இல்ல. சின்னப்பன், நான் வாயே தொறக்கல. மேஸ்திரிக்கு வேர்த்துப் பூடுச்சு. சரக்கு லாரிங்க ரோடு முழுக்க நிக்குது, எறக்க ஆளு இல்ல. பர்மனென்ட் ஆளுங்க கேட்டுக்கு உள்ள நின்னு வேடிக்கை பாத்தாங்கோ, அவுங்க சங்கத் தலைவரு உள்பட. வெயிலு ஏறினப்ப இஞ்சினியரு வந்தாரு. மேஸ்திரி கிட்ட கேட்டாரு, "இவங்க நெஜப் பேரெல்லாம் என்ன?" அவன் முழிக்கிறான் மாமு. அத்தினி வருசம் நம்மளை மேய்ச்சவனுக்கு ஒருத்தன் பேரும் தெரியல. ஒவ்வொருத்தன் கிட்டயா வந்து, தலையைக் குனிஞ்சிகினு, உன் பேரு இன்னா, உன் பேரு இன்னான்னு கேட்டான். நாங்க சொன்னோம். அவன் எழுதினான்.

என் மொறை வந்தப்ப என் பேரைச் சொன்னேன். அப்பால உன் பேரைச் சொன்னேன். "அது..."ன்னு இழுத்தான். பின்னாடி நின்னவன் சொன்னான். அவனுக்குப் பின்னாடி நின்னவனும் சொன்னான். அந்தப் புது ஆளும் சொன்னான். எழுதாம அந்தாண்ட நகர முடியாதுன்னு அவனுக்குத் தெரிஞ்சி போச்சு. எழுதினான்.

கேஸ் இன்னும் இழுக்குது. மேஸ்திரி தன் கையால உன் பேரை எழுதின அந்த ஒரு வரியைத் தான் ஸ்டெல்லாவோட வக்கீலு கையில வச்சிகினு இருக்காரு. என்னை ரெண்டே வாரத்துல தொரத்திட்டானுங்கோ. இப்ப ஆர்பர்ல மூட்டை தூக்குறேன். இங்கயும் காண்ட்ராக்டு தான், இங்கயும் ஒரு மேஸ்திரி. உன் பேரை இந்தக் கடுதாசியில எழுதல, கவனிச்சியா? காயிதத்துல ஒருத்தன் எழுதினா இன்னொருத்தன் கோடு போட்டு அடிப்பான். அது எங்க வாயில கீது, அங்கயே இருக்கட்டும்.

டீயை அப்படியே உட்டுட்டு நேரா வேலைக்குத் தான் போனேன். புதுசா ஒருத்தன் சேந்துகீறான், மூட்டைக்கு என் ஜோடி. பேரு இன்னான்னேன். "ராஜு"ன்னான். மூட்டையை எறக்கி வச்சேன். மூக்குல அந்த வாசனை இன்னும் இருந்துச்சு.

"அது மேஸ்திரி வச்சதா, உங்கம்மா வச்சதா?"

அவன் மேஸ்திரி நிக்கிற பக்கம் ஒரு தபா திரும்பிப் பாத்தான். அப்பறம் வேற ஒரு பேரு சொன்னான்.